துடைத்து வைத்த இஞ்சின்

மெக்கானிக் அய்யாதுரையின் மனைவி செல்லக்கனி ஒரு தட்டு நிறையப் பொரியும் சுண்டலும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "மறுபூசை முடிஞ்சிருச்சு டீச்சர். இந்தா, இப்பம் வேலை ஆரம்பிச்சிருவாக. நீங்க சாப்பிடுங்க" என்றாள். நான் வேதக்காரி, கிறிஸ்தவள் என்பதால் திருநீற்றை நீட்டாமல் பொரியை மட்டும் கொடுத்த அவளுடைய பக்குவத்தை வேறொரு நாளாக இருந்தால் மெச்சியிருப்பேன். அன்றைக்கு எதையும் மெச்சுகிற நிலையில் நான் இல்லை. எங்கள் லாரி என் கண்ணெதிரே முகத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நின்றது. ரேடியேட்டர் சுவரில் சாய்ந்திருந்தது. காற்றாடி ஒரு சாக்கின் மேல் மல்லாந்து கிடந்தது. இஞ்சினின் முன்மூடியைக் கழற்றிய இடத்தில் கறுப்பு எண்ணெய் பூசிய ஒரு பள்ளம்தான் இருந்தது. இந்தக் கண்றாவியைப் பார்த்துக்கொண்டே நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பொரி தின்ன வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் காலாண்டு விடுமுறை. திருத்த வேண்டிய ஏழாம் வகுப்பு அறிவியல் தாள்களைக் கட்டோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். இங்கே எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, சும்மா உட்கார்ந்திருப்பது. அய்யாதுரை கெட்டவரில்லை. சாத்தூர் வட்டாரத்தில் டீசல் இஞ்சினுக்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்று என் வீட்டுக்காரர் அடித்துச் சொல்வார். ஆனால் வண்டியை விட்டுவிட்டு நாம் அந்தப் பக்கம் திரும்பினால், அவருடைய கை அடுத்த வண்டிக்குள் போய்விடும். கல்யாண வேன் வரும், தண்ணீர் லாரி வரும், எவனாவது ஒருத்தன் "அண்ணே, அஞ்சே நிமிசம்" என்று வந்து நிற்பான். அவரும் இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர். அதனால் தலைக்கு மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். "நான் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில போய் நின்னாத்தான் லோடு நிக்கும். நீ இங்கன உக்காந்தாத்தான் வேலை நடக்கும் பூரணி" என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரர் ராஜசிங் விடிந்ததும் பஸ் ஏறிப் போய்விட்டார்.

இஞ்சினுக்குள் ஓடும் இந்தச் செயின் விவகாரத்தை முதலில் கண்டுபிடித்தவள் நான். கோடையில் ஆலங்குளத்திலிருந்து சிமெண்ட் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்த நாட்களிலேயே, காலையில் வண்டியை உசுப்பியவுடன் சில்லறையைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் ஓடியதும் அடங்கிவிடும். "ஏங்க, இஞ்சின்ல என்னமோ ஆடுது" என்றேன். "அது பம்பர்" என்றார். இன்னொரு நாள் சொன்னேன். "அது டூல்ஸ் பெட்டி" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று சமாதானம் செய்துகொள்ளலாம்தான். அவருக்கு வலது காது கேட்காது, இடது காதிலும் பொடிச்சத்தம் ஏறாது. ஆனால் கேட்கிறவள் சொன்னால் நம்ப வேண்டுமா வேண்டாமா? என்னவோ நான் அவருடைய வண்டிமேல் பொறாமைப்பட்டுப் பழி சொல்வதைப்போலவே முகத்தை வைத்துக்கொள்வார். சீசன் தொடங்கி, முதல் பட்டாசு லோடுக்குக் கூப்பிட்ட பிறகு, வண்டி மேடு ஏற மறுத்துக் கறுப்புப் புகையாகத் துப்பியது. அப்போதுதான் அய்யாதுரையிடம் கொண்டுவந்தார். அய்யாதுரை எண்ணெயை வடித்துப் பார்த்தார். அதில் பழுப்பு நிறத்தில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன. "டைமிங் செயின் தொங்கிருச்சு சார். அதை அணைச்சுப் பிடிக்கிற கைடைச் செயினே தின்னுருக்கு. இன்னும் ஒரு ட்ரிப் போயிருந்தா, செயின் பல்லு தாண்டி, வால்வு போய் பிஸ்டன்ல முட்டி, இஞ்சினை எடைக்குத்தான் போடணும்" என்றார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்தச் சத்தம் இதுதான் போல" என்றார், என்னவோ அவரே கண்டுபிடித்ததைப் போல.

எனக்கு அந்த லாரி என்பது வெறும் லாரி இல்லை. என் வீட்டுக்காரர் அதற்கு முன்னால் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில், செட் என்பார்கள் அதை, வேலை பார்த்தவர். கை சுத்தம் என்று பெயர் எடுத்தவர். ஒருநாள் தண்ணீர் குடிக்கச் செட்டை விட்டு வெளியே வந்தார். அவர் செம்பைக் குனிந்து எடுப்பதற்குள் பின்னால் செட் இல்லை. உள்ளே இருந்த இரண்டு பேரும் இல்லை. அவர் ஒரு காதோடு தப்பினார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த இருப்பை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல வரவில்லை. கட்டிலில் கிடந்தவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். இனிமேல் அந்த வாசலுக்குள் நீங்கள் கால் வைத்தால் நான் உங்களோடு இருக்க மாட்டேன் என்று. அப்புறம் என் சம்பளத்தைக் காட்டிக் கடன் எடுத்து, என் பெயரில் இந்தப் பழைய வண்டியை வாங்கிக் கொடுத்தேன். பட்டாசைத் தொடட்டும், ஆனால் அட்டைப்பெட்டிக்குள் அடைத்து, ஒட்டி, கட்டிய பிறகு தொடட்டும் என்று. வண்டி ஓடினால் அவர் வெளியே இருப்பார். வண்டி நின்றால், ஒவ்வொரு சீசனுக்கும் அந்தப் போர்மேன் முத்துப்பாண்டி போன் போட்டு, "அண்ணே, கைப்பழக்கம் உள்ள ஆளு கிடைக்க மாட்டேங்கான். தீவாளி வரைக்கும் மட்டும் வாங்களேன்" என்று குழைவான் பாருங்கள், அந்தக் குழைவுக்கு இவர் எப்போது சரி என்று சொல்வாரோ என்ற பயத்திலேயே நான் இருப்பேன். அதனால்தான் அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு நாராசமாகக் கேட்டது.

அய்யாதுரை ஆயுதபூசைக்கு முதல் நாள் பிரித்தார். பிரித்ததோடு நின்றாரா? மெக்கானிக்குகளுக்கென்றே ஒரு வாய்ப்பாடு உண்டு. "பிரிச்சது பிரிச்சிட்டோம், வாட்டர் பம்பு பேரிங்கும் ஆடுது, மாத்திருவோம்." "பிரிச்சது பிரிச்சிட்டோம், ஆயில் சீலும் போட்டுருவோம்." "பிரிச்சது பிரிச்சிட்டோம், டேப்பெட்டையும் பாத்துருவோம்." இப்படிப் பிரித்துப் பிரித்தே பொழுது சாய்ந்தது. மறுநாள் ஆயுதபூசை. அன்றைக்கு ஸ்பேனரைத் தொடக் கூடாது. அத்தனை சாமான்களையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, வாழையிலை விரித்து அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூ போட்டுக் கும்பிட்டு, மறுநாள் மறுபூசை முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். நான் யாருடைய சாமியையும் குறை சொல்கிறவள் இல்லை. ஆனாலும் தீபாவளிச் சீசன் தொடங்கிவிட்ட நேரத்தில் என் வீட்டு அடுப்பையே கழற்றி இலையில் பரப்பிவைத்த மாதிரி இருந்தது எனக்கு.

தட்டைக் காலி செய்து கீழே வைத்தேன். அய்யாதுரை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பட்டறைப் பையன்கள் பூசைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை, அவர் மட்டும்தான். புதுச் செயினை எடுத்து எண்ணெயில் முக்கினார். வாழையிலையில் இருந்த பல்சக்கரத்தைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு சக்கரத்தை எடுத்தார். அதையும் திருப்பிப் பார்த்தார். எழுந்து போய் இஞ்சின் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். 

"என்னண்ணே?"

"புள்ளியைக் காணும் டீச்சர்."

அவர் பிரிக்கும்போதே வெள்ளை பெயின்டில் புள்ளி வைத்திருந்தார். எந்தச் சக்கரத்தின் எந்தப் பல், செயினின் எந்த இடத்தில், இஞ்சினின் எந்த முனைக்கு நேராக நிற்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. நானே பார்த்தேன். வழக்கமாகச் சக்கரங்களிலேயே கம்பெனி குத்திய அடையாளம் இருக்குமாம். எங்கள் வண்டிக்கு முன்னால் இருந்த சொந்தக்காரர் எங்கேயோ பழைய சக்கரம் வாங்கி மாட்டியதில் அந்த அடையாளம் எதுவும் இல்லை. அய்யாதுரையின் வெள்ளைப் புள்ளி ஒன்றுதான் கதி. அது இப்போது இல்லை. சக்கரங்கள் புதிதாக வாங்கிய எவர்சில்வர் தட்டு மாதிரிப் பளபளவென்று இருந்தன.

"ஏ, செல்லக்கனி!" என்று கத்தினார் அய்யாதுரை.

அவள் சிரித்த முகத்தோடு வந்தாள். கணவர் கேட்கும் முன்னமே என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "டீச்சர், நான் உங்ககிட்டச் சொல்லணும்னே இருந்தேன். நேத்து எல்லாத்துக்கும் பொட்டு வச்சுக்கிட்டே வந்தனா, உங்க வண்டிச் சாமானுக்கும் வச்சுப்புட்டேன். பெறகுதான் எனக்கு ஞாபகம் வருது. போன வருசம் பொட்டு வச்சதுக்கு சார் எம்புட்டுச் சங்கடப்பட்டாக! ஐயய்யோன்னு, அம்புட்டையும் எடுத்து மண்ணெண்ணெயில நனைச்ச துணியப் போட்டு ஒரு பொட்டுத் தங்காமத் துடைச்சிட்டேன். வண்டிக்குள்ளயும் கைய விட்டுத் துடைச்சிட்டேன். உங்களுக்கு மனசு கோணக் கூடாதுல்ல?"

அய்யாதுரை தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. போன வருடம் இதே பட்டறையில் பூசைக்கு நின்ற எங்கள் வண்டிக்கு இவர்கள் நெற்றி நிறையச் சந்தனப்பட்டையும் குங்குமமும் போட்டு அனுப்பினார்கள். அந்த ஞாயிறே சபையாருக்கெல்லாம் போடும் அசன விருந்துக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வண்டி எங்கள் வேதக்கோயில் வாசலில் போய் நின்றது. கமிட்டிக்காரர் ஒருவர் அதைப் பார்த்து, "என்ன ராஜசிங், வண்டி மட்டும் மதம் மாறிருச்சா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டார். சிரித்துவிட்டுப் போகிற விஷயம். நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. நேரே இங்கே வந்து, இனிமேல் என் வண்டியில் பொட்டு கிட்டு வைத்தால் பட்டறைப் பக்கமே வர மாட்டேன் என்று குதித்திருக்கிறார். ஆண்டவர் சந்தனத்தைக் கண்டு பயப்படுகிறவர் இல்லை. கமிட்டிக்காரரைக் கண்டு பயப்படுகிறவர் இவர்தான். அந்தக் குதிப்பைப் பாவம் இந்தப் பெண் ஒரு வருடம் மனசில் வைத்திருந்து மரியாதை செய்திருக்கிறாள்.

"பெயின்டுக்கும் பொட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?" என்று அய்யாதுரை கத்தினார்.

"வெள்ளையா இருந்துச்சு. சந்தனம் காஞ்சா வெள்ளையாத்தான இருக்கும்? குங்குமம் உதிந்திருச்சாக்கும்னு நெனச்சேன்."

அந்தப் பதிலில் தப்புக் கண்டுபிடிக்க எனக்கே முடியவில்லை. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

"அடையாளம் இல்லாட்டி மாட்ட முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியும் டீச்சர். டாப் பாத்து மாட்டணும். பிஸ்டன் உச்சியில நிக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு, அதுக்குத் தக்கன வால்வு, பம்பு எல்லாத்தையும் நிறுத்தணும். பொறுமையாப் பாக்கிற வேலை. இன்னைக்கு முடியும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நாளைக்கு வச்சுக்கிருவமா?"

நாளைக்கு. வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை எடுத்தேன். காலையில் அங்கே போய்ச் சேர்ந்ததும் அவரே பேசியிருந்தார். அப்போதே முத்துப்பாண்டி முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும், சாயங்காலத்துக்குள் வண்டி வராவிட்டால் லோடை வேறு வண்டியில் ஏற்றிவிடுவதாகச் சொல்கிறான் என்றும், சீசனுக்கு முதல் லோடில் யார் வண்டி போகிறதோ அவர்களுக்குத்தான் தீபாவளி வரை லோடு என்றும் சொல்லியிருந்தார். "ஒண்ணும் பயப்படாத. நான் பேசிச் சமாளிச்சுக்கிடுதேன்" என்றார். அவர் சமாளிக்கிறேன் என்று சொன்ன எதுவும் உருப்பட்டதில்லை. கேட் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டீக்கடைக்காரனிடம் கதை அளந்துகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே நம்பரைப் போட்டேன்.

நெடுநேரம் அடித்த பிறகு யாரோ எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் குரல் இல்லை.

"யாரும்மா?"

"நீங்க யாரு? இது எங்க வீட்டுக்காரர் போனு."

"நான் வாட்ச்மேன்ம்மா. அண்ணன் போனு எங்கிட்ட இருக்கு. அவரு உள்ள போயிருக்காரு."

"உள்ளன்னா? ஆபீசுக்கா?"

"ஆபீசுக்குப் போனாப் போன வாங்கி வைக்க மாட்டமேம்மா. செட்டுக்குப் போயிருக்காரு. காலைலயே போர்மேன் கூப்பிட்டுட்டுப் போனாரு."

நான் போனை வைத்தேன். தாள் கட்டு மடியிலிருந்து சரிந்து விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை. செல்லக்கனி ஓடிவந்து பொறுக்கினாள்.  முதலில் வந்தது பயம் இல்லை, கோபம்தான். இவ்வளவு வருடம் கட்டிக் காத்ததை ஒரு காலைப் பொழுதில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, போனையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, நிம்மதியாக உள்ளே போயிருக்கிறார். பிறகுதான் பயம் வந்தது. அங்கே சுற்றிலும் பொட்டல், செட்டுகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும், ஒன்றில் என்னவானாலும் மற்றதற்குப் பரவாது என்று எனக்குத் தெரியும். எந்தச் செட்டில் அவர் இருக்கிறார் என்றுதான் தெரியாது.

"அவரு மருந்து ரூமுக்குப் போயிட்டாரு அண்ணே" என்றேன்.

அய்யாதுரை என்னைப் பார்த்தார். அந்த வெடிவிபத்து நடந்த அன்றைக்கு என் வீட்டுக்காரரைக் கிடைத்த வேனில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். நாளைக்கு என்ற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. வாசல் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். வெளியே "அண்ணே, ஒரு சின்ன வேலை" என்று எவனோ குனிந்து எட்டிப் பார்த்தான். "போலே அங்கிட்டு!" என்று அவர் விரட்டியதை என் காதால் கேட்டேன். அந்தப் பட்டறையில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

முதல் சிலிண்டரின் மேல் இருந்த ஒரு சின்ன பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு நீளமான கம்பியை உள்ளே இறக்கினார். அவர் கீழே படுத்து இஞ்சினைச் சுற்ற வேண்டும். மேலே ஒருவர் கம்பியைக் கவனிக்க வேண்டும். செல்லக்கனி கை வைத்தாள், அவள் அழுதுகொண்டே இருந்ததில் கம்பியும் சேர்ந்து ஆடியது. அவள் அழுவது எனக்கு எரிச்சலாக இருந்தது. அழ வேண்டியவள் நான், நானே அழவில்லை. "தள்ளு" என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பம்பர் மேல் ஏறினேன்.

"பிடிக்காதீக டீச்சர். சும்மா விரல வச்சுத் தொட்டுக்கிட்டு இருங்க. கம்பி மேல வரும். வாறது நின்னு, ஒரு எடத்துல யோசிக்கும். இறங்குறதுக்கு முந்திச் சொல்லுங்க."

அவர் கீழிருந்து சுற்றினார். கம்பி என் விரலைத் தள்ளிக்கொண்டு மெல்ல உயர்ந்தது. நின்றது. "இப்ப" என்றேன். கொஞ்சம் பின்னால் சுற்றி மறுபடியும் கொண்டுவந்தார். "இப்ப." மறுபடியும். எத்தனை தடவை சொன்னேனோ. ஒவ்வொரு தடவையும் அவர், "நல்லாச் சொல்லுங்க, சந்தேகமாச் சொல்லாதீக" என்றார். பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளிடம் சொல்வதைத்தான் அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.  விரல் நுனியில் என் மனசு முழுவதும் வந்து உட்கார்ந்திருந்தது. அச்சங்குளம் இருக்கும் திசையிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காது தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு டயர் வெடித்தபோது கம்பியை விட்டுவிட்டேன். அய்யாதுரை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

ஒருவழியாகச் சக்கரங்களை மாட்டி, புதுச் செயினைப் போட்டு, செயினை இறுக்கும் டென்ஷனரை முடுக்கினார். சாவியைத் தொட விடவில்லை. "கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்துருவோம். எங்கனயாவது முட்டுனா நம்ம கைக்குத் தெரியும். மோட்டாருக்குத் தெரியாது" என்றார். முதல் சுற்றிலேயே பாதியில் கட்டென்று நின்றது. அவர் பலம் போட்டு அமுக்கிச் சுற்றவில்லை. எண்ணெய்க் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு செயினைக் கழற்றினார். "ஒரு பல்லு" என்றார். எங்கே ஒரு பல், யார் சொன்ன 'இப்ப'வில் பிசகியது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுபடியும் கம்பி, மறுபடியும் விரல். இந்தத் தடவை இரண்டு சுற்றும் நெய் மாதிரிப் போனது. செல்லக்கனி கையெடுத்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாளோ, நானும் அதற்கு ஆமென் சொன்னேன்.

மூடி மாட்டி, ரேடியேட்டர் ஏற்றி, புது எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி வண்டியை உசுப்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது. முதலில் செருமியது, புகைவிட்டது, பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. அந்தச் சில்லறைச் சத்தம் இல்லை. கேட்டால் யாருக்கும் சந்தோஷமாக இருக்கும். எனக்கு, ஓடுகிற வண்டியை வைத்துக்கொண்டு இன்னும் ஏன் நிற்கிறார்கள் என்றுதான் இருந்தது. "ஏறுங்க அண்ணே, நீங்களே ஓட்டுங்க" என்றேன். அய்யாதுரை சட்டைகூட மாற்றவில்லை. வழியெல்லாம் நான் பேச வேண்டியதை அடுக்கிக்கொண்டே போனேன். என்னோடு இருக்க வேண்டுமா அந்த மருந்தோடு இருக்க வேண்டுமா என்பது முதல் வரி. ஒரு வாய் வார்த்தைக்கு மரியாதை இல்லையா என்பது அடுத்தது. அய்யாதுரை ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "சார திட்டாதீக டீச்சர், மொத நேர்ல பாப்போம்" என்றார். நான் வாய்விட்டுத்தான் பேசிக்கொண்டு வந்திருக்கிறேன் போல.

கேட்டில் வண்டியை வெளியிலேயே நிறுத்தச் சொன்னார்கள். சைலன்சருக்குப் பொறி தடுக்கும் வலை மாட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். வாட்ச்மேன் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே ஆள் அனுப்பினான். வேலை முடிந்து பெண்கள் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், செட்டுகளுக்கு நடுவே உள்ள மண்பாதையில் செருப்பில்லாமல் ஒருவர் நடந்து வந்தார். முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். தலைமுடி, புருவம், காது, கழுத்து, கைகள் எல்லாம் மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பொடி அப்பி வெள்ளி நிறம். சாயங்கால வெயில் பட்டு மினுங்கினார். என்னைப் பார்த்ததும் சிரித்தார், பல் மட்டும் அவருடையது என்று அடையாளம் தெரிந்தது.

வண்டியின் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துக் கேட்டார். "சத்தமே இல்ல, பாத்தியா?" என்றார்.

அடுக்கி வைத்திருந்த வரிகளில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. "எதுக்குப் போனீக?" என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டு பேரு பூசைக்கு ஊருக்குப் போனவனுக வரல. உள்ள வந்து கை கொடுத்தா நம்ம வண்டி வாற வரைக்கும் லோடு இருக்கும்னான். இல்லன்னா, பூரணி, மத்தியானமே வேற வண்டியில ஏத்தியிருப்பான். நான் வேற எதை வச்சு அதைப் பிடிச்சு நிறுத்துறது?"

அய்யாதுரை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தேன். "கையை நீட்டுங்க" என்றேன். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். ஊற்றினேன். தேய்த்தார். விரல் இடுக்குகளிலிருந்து வெள்ளித் தண்ணீர் ஒழுகி மண்ணில் விழுந்து பரவியது. மேலும் ஊற்றினேன். உள்ளங்கை கொஞ்சம் வெளுத்தது. நகக்கண்களும் ரேகைகளும் அப்படியே மினுங்கின.

கேட்டுக்குள்ளிருந்து முத்துப்பாண்டி குரல் கொடுத்தான். "அண்ணே, லோடை இறக்கிட்டு வந்து ஒருநாள் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க. உங்க கை இன்னும் எதையும் மறக்கல. சீசன் முடியிற வரைக்கும் இப்பிடியே ஓட்டிருவோம், வண்டிக்கும் லோடு, உங்களுக்கும் வேலை. மதினிகிட்டயும் சொல்லிருங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துபோனது. கடைசிச் சொட்டும் விழுந்த பிறகும் அவர் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.